பிளாக் செய்தால் போதாது

போனை எடுத்து ‘ஹலோ’ என்கிறோம். மறுமுனையில் சத்தமே இல்லை. இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கச் சொல்கிறோம். அப்போதும் இல்லை. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது சின்னதாக ஒரு சொடுக்கு, பின்னால் பத்திருபது பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலோடு ஒரு குரல் வருகிறது: “குட் மார்னிங் சார், பர்சனல் லோன் எதுவும் தேவைப்படுதுங்களா?”

அந்த இரண்டு விநாடி மௌனத்துக்குக் காரணம் உண்டு. உங்கள் எண்ணை அழுத்தியது அந்தக் குரலுக்கு உரியவர் அல்ல, ஒரு கணினி. கால் சென்டரில் ஓடும் ஆட்டோ டயலர், உட்கார்ந்திருக்கும் ஊழியர்களின் எண்ணிக்கையைவிட அதிகமான எண்களுக்கு ஒரே நேரத்தில் அடிக்கும். எல்லோரும் எடுக்கப்போவதில்லை என்பது அதன் கணக்கு. யார் எடுக்கிறாரோ அவரை, அந்த நொடியில் சும்மா இருக்கும் ஊழியரிடம் தள்ளிவிடும். யாரும் சும்மா இல்லையென்றால் நீங்கள் ‘ஹலோ ஹலோ’ என்று கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். சில நேரம் லைன் தானாகவே துண்டாகும். சமைத்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எடுத்தது யாருக்கும் கணக்கில்லை. இன்னொரு ரகத்தில் மறுமுனையில் ஆளே கிடையாது. பதிவுசெய்த குரல் பேசி முடித்துவிட்டு ஒன்றை அழுத்தச் சொல்லும்.

இதைக் கேட்க நம் நாட்டில் நாதியில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விதிகள் இருக்கின்றன, அதுவும் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக. டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் முதல் விதிமுறையைக் கொண்டுவந்தது. இன்று டிஎன்டி என்று சொல்லப்படும் ‘அழைக்காதே’ பட்டியல் அப்போது வந்ததுதான். அது போதாமல் 2010-இல் புது விதிமுறை எழுதி 2011 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தினார்கள். அதையும் தூக்கிவைத்துவிட்டு 2018 ஜூலையில் இப்போது அமலில் இருக்கும் விதிமுறை வந்தது. 2025 பிப்ரவரியில் அதற்கும் பெரிய திருத்தம் போட்டார்கள். இத்தனை முறை எழுதியதிலிருந்தே தெரியும், ஓட்டை எவ்வளவு என்று. ஆனால் கடைசித் திருத்தத்தில் சாதாரண சந்தாதாரர் கையில் ஒரு பிடி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிடி பிளாக் பட்டனில் இல்லை. 1909 என்ற எண்ணில் இருக்கிறது.

டிஎன்டி போட்டும் ஏன் வருகிறது?

1909-ஐ அழைத்தோ, எஸ்எம்எஸ் அனுப்பியோ, உங்கள் மொபைல் நிறுவனத்தின் ஆப்பிலோ, டிராயின் டிஎன்டி ஆப்பிலோ ‘எந்த விளம்பரமும் வேண்டாம்’ என்று பதிந்துவைக்கலாம். எல்லாம் இலவசம். மொத்தமாக அடைக்க மனமில்லாதவர்கள் வகைவாரியாகவும் அடைக்கலாம். வங்கி மற்றும் காப்பீடு, வீடு மனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வீடு தேடிக்கொண்டிருப்பவர் மனை விளம்பரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தலாம். எந்தக் கிழமை, எந்த நேரம் என்றுகூடச் சொல்லலாம்.

பதிந்த பிறகும் அழைப்பு வருகிறதே என்றால், இரண்டு காரணங்கள். ஒன்று, டிஎன்டி பட்டியலைப் பார்த்து ஒதுங்குபவர்கள் முறையாகப் பதிவுசெய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்கள் மட்டும். பட்டியலே பார்க்காதவர்களுக்கு உங்கள் எண் டிஎன்டியில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சாதாரணப் பத்து இலக்க சிம்மிலிருந்தோ, 044, 080 என்று தொடங்கும் அலுவலக லைனிலிருந்தோ அடிக்கும் கூட்டம் இதுதான். இரண்டாவது காரணம் நம்மிடமே இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் சம்மதம் கொடுத்திருந்தால், அந்தச் சம்மதம் டிஎன்டியை மீறி நிற்கும்.

எப்போது சம்மதம் கொடுத்தோம்? துணிக்கடை பில் கவுண்டரில். “மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்.” பின்னால் வரிசை நிற்கிறது. எதற்கு என்று கேட்டால் சிஸ்டம் எடுக்காது என்கிறார்கள். சொல்லிவிடுகிறோம். ஆப் இன்ஸ்டால் செய்யும்போது ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருக்கும் கட்டத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். கல்யாண மண்டபம் விசாரித்தாலும், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஏதோ ஓர் இணையப் படிவத்தை நிரப்பினாலும் இதே கதைதான். பில் போட மொபைல் எண் கட்டாயமில்லை. அதைக் கேட்டு வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. ‘நம்பர் தர மாட்டேன், பில் போடுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிஸ்டம் எடுக்கும்.

2025 திருத்தம் இந்தச் சம்மதத்தின் ஆயுளையும் குறைத்திருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலுக்காகத் தந்த சம்மதம் ஏழு நாள்தான் செல்லும். சோபா வாங்கும்போது டெலிவரிக்காகக் கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு தீபாவளிக்குத் தீபாவளி ஆஃபர் அனுப்ப முடியாது. விளம்பரக் குறுஞ்செய்தி ஒவ்வொன்றிலும் ‘இனி வேண்டாம்’ என்று விலகும் வழி இருந்தாக வேண்டும். அப்படி விலகியவரிடம் 90 நாளுக்கு மறுபடி சம்மதம் கேட்டு வரக் கூடாது.

நீங்கள் எந்த நிறுவனத்துக்கெல்லாம் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் கிடையாது என்பதுதான் இதிலுள்ள கூத்து. ‘இவர் 2019-இல் எங்கள் கிளையில் கையெழுத்துப் போட்டார்’ என்று நிறுவனம் சொன்னால் சரிபார்க்க வழியில்லாமல் இருந்தது. சம்மதங்களை டிஜிட்டலாகப் பதிந்து, வாடிக்கையாளரே பார்த்து ரத்து செய்யும்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவர டிராய் 2023-இல் உத்தரவிட்டது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கியோடு சேர்ந்து சில வங்கிகளை வைத்து வெள்ளோட்டம் தொடங்கினார்கள். முழுமையாக வந்துவிட்டால் பாதித் தலைவலி குறையும் என்பது என் எண்ணம். அதுவரை நம் எண்ணைச் சொல்வதில் நாமே கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுவது நல்லது.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது

அழைப்பை எடுப்பதற்கு முன்பே அது எந்த ஜாதி என்று சொல்லிவிடும் எண் வரிசைகள் இரண்டு. 140 என்று தொடங்கினால் பதிவுசெய்த விளம்பர அழைப்பு. 1600 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு, அரசு போன்றவற்றின் சேவை அழைப்பு. உங்கள் கார்டில் ஒரு தொகை போயிருக்கிறது, நீங்கள் செய்ததுதானா என்று கேட்பது போன்றவை. 1600 வரிசையிலிருந்து விளம்பரம் செய்யக் கூடாது. சேவைக்கு 1600, விளம்பரத்துக்கு 140 என்று பிரித்துப் பயன்படுத்தும்படி ரிசர்வ் வங்கியும் 2025 ஜனவரியில் தன் கீழுள்ள நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆக, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் ‘பேங்கிலிருந்து பேசுறேன்’ என்றால், பேச்சைத் தொடராமல் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். நிஜமான வங்கி ஊழியராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குறுஞ்செய்தியிலும் இப்படிப் படிக்கலாம். அனுப்புநர் பெயர் இருக்கும் இடத்தில் இரண்டு எழுத்து, ஒரு சிறு கோடு, நிறுவனத்தின் சுருக்கப் பெயர், மறுபடி ஒரு கோடு, கடைசியில் ஒற்றை எழுத்து என்று இருக்கும். முதல் எழுத்து எந்த மொபைல் நிறுவனம் வழியாக வந்தது என்பதைக் காட்டும்: ஏ என்றால் ஏர்டெல், ஜே என்றால் ஜியோ, வி என்றால் வோடஃபோன், பி என்றால் பிஎஸ்என்எல். அடுத்தது எந்த வட்டாரம் என்பது. நமக்கு வேண்டியது கடைசி எழுத்து. அது பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, ஜி என்றால் அரசுச் செய்தி. 2025 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் கடைசி எழுத்து கட்டாயமாகியிருக்கிறது. ‘எஸ்’ என்று முத்திரை குத்திவிட்டு உள்ளே ‘உங்களுக்கு மட்டும் 10 சதவீதத் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தால் அது விதிமீறல். தாராளமாகப் புகார் செய்யலாம். டிஎன்டி போட்டாலும் வங்கி இருப்பு விவரமும் ஓடிபியும் நிற்காது, நிறுத்தவும் வேண்டாம்.

செய்திக்குள் வரும் இணைப்புகளுக்கும் ஒரு வடிகட்டி உண்டு. 2024 அக்டோபர் முதல், முன்கூட்டியே பதிந்து அனுமதி பெறாத இணைப்புகள் கொண்ட வணிகக் குறுஞ்செய்திகளை மொபைல் நிறுவனங்கள் தடுக்க வேண்டும். ஆனால் யாரோ ஒருவர் தன் சொந்த சிம்மிலிருந்து அனுப்பும் செய்தி இந்த வடிகட்டியில் மாட்டாது. ‘உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்’ என்று பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால், அந்த எண்ணே போதும் அது பொய் என்று சொல்ல.

ஐந்து புகார், பத்து நாள்

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு விளம்பர அழைப்பு வந்தவுடன் நாம் செய்வது என்ன? திட்டுகிறோம், பிளாக் செய்கிறோம், அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப்பில் ‘ஸ்பேம்’ என்று குறிக்கிறோம். இந்த மூன்றாலும் அந்த நிறுவனத்துக்கு ஒரு நயா பைசா நஷ்டம் கிடையாது. ஓர் அலுவலகத்துக்குக் கொடுக்கப்படும் பிஆர்ஐ லைன் ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அதோடு நூற்றுக்கணக்கான எண்களை இணைத்து வாங்கலாம். நீங்கள் ஒன்றைப் பிளாக் செய்தால் மறுநாள் அடுத்த எண்ணிலிருந்து அடிப்பார்கள். ஆப்பில் ஸ்பேம் என்று குறித்தால் அந்த ஆப்பைப் பயன்படுத்துபவர்களுக்குச் சிவப்பு நிறத்தில் தெரியும், அவ்வளவுதான். டிராயின் கணக்கில் அது புகாராகச் சேராது.

1909-க்குப் போகும் புகார்தான் சேரும். வேண்டியவை குறைவு: உங்கள் எண், அழைத்த எண், தேதி, எதைப் பற்றிய அழைப்பு என்று ஒரு வரி. குறுஞ்செய்தியாக இருந்தால் அதன் வாசகத்தை அப்படியே சேர்த்து, அனுப்புநரையும் தேதியையும் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கத் தேவையில்லை. அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்ததா என்பதை மொபைல் நிறுவனம் தன் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளும். முன்பு மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டியிருந்தது. இப்போது ஏழு நாள். டிஎன்டியில் பதியாதவர்கூட, பதிவுபெறாத எண்ணிலிருந்து வரும் விளம்பரத்தைப் பற்றிப் புகார் செய்யலாம். இது 2025-க்கு முன் கிடையாது.

மொபைல் நிறுவனங்கள் தங்கள் ஆப்பிலும் இணையதளத்திலும் புகார் வசதியைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பதும் விதி. என் அனுபவத்தில் டிராயின் ஆப்பைவிட எஸ்எம்எஸ்தான் சுலபம். அந்த ஆப்பைச் சுற்றி ஒரு சண்டையே நடந்தது தனிக் கதை. வாடிக்கையாளரின் அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் படிக்கும் ஆப்பைத் தன் போனில் அனுமதிக்க ஆப்பிள் மறுத்தது. அப்படி மறுக்கும் போன்களை நெட்வொர்க்கிலிருந்து நீக்கச் சொல்ல முடியும் என்று 2018 விதிமுறையில் டிராய் எழுதிவைத்தது. கடைசியில் ஆப்பிள் தன் மென்பொருளிலேயே புகார் அனுப்பும் வசதியைச் சேர்த்து, அதே ஆண்டு இறுதியில் ஆப்பை அனுமதித்தது.

ஒரு புகாரால் என்ன ஆகும்? தனியாக ஒன்றால் பெரிதாக எதுவும் ஆகாது. அழைத்தவர் ‘தெரிந்தவர்தான், சும்மா பேசினேன்’ என்று சொல்லிவிட முடியும். அதனால்தான் விதி எண்ணிக்கையைப் பார்க்கிறது. முன்பு ஓர் எண்ணின் மேல் ஏழு நாளில் பத்துப் புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது பத்து நாளில் ஐந்து புகார் போதும். நடவடிக்கை எடுக்க முன்பிருந்த 30 நாள் அவகாசம் ஐந்து நாளாகிவிட்டது. ஐந்து பேர். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான பேரைத் தொந்தரவு செய்யும் ஓர் எண்ணின் மேல் ஐந்து பேர் புகார் செய்தால் போதும் என்கிறது விதி. அந்த ஐந்து பேர் கிடைப்பதில்தான் சிக்கல். பத்து நாளில் ஆயிரம் பேர் பிளாக் செய்து, நான்கு பேர் புகார் செய்தால், அந்த எண் பதினோராவது நாளும் ஓடும்.

தண்டனை லேசானதல்ல. முதல் முறை, அனுப்புநரின் எல்லா லைன்களிலும் வெளியே போகும் அழைப்புகள் 15 நாளுக்கு நிறுத்தப்படும். மீண்டும் சிக்கினால், அவர் பெயரில் எந்த நிறுவனத்தில் எத்தனை இணைப்பு இருந்தாலும் அத்தனையும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்பட்டு, கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படும். கால் சென்டர் நடத்துபவருக்கு இது கடையை மூடுவதற்குச் சமம். கண் துடைப்பு என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2024-இன் முதல் ஆறு மாதத்தில் பதிவுபெறாத டெலிமார்க்கெட்டர்கள் மேல் 7.9 லட்சத்துக்கும் அதிகமான புகார்கள் வந்தன. ஆகஸ்டில் டிராய் கடும் உத்தரவு போட்டது. சில வாரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலுக்குப் போயின, 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களும் இணைப்புகளும் துண்டிக்கப்பட்டன. அந்த ஆகஸ்டில் சுமார் 1.89 லட்சமாக இருந்த மாதப் புகார்கள் அக்டோபரில் 1.51 லட்சம் அளவுக்கு இறங்கின. இறங்கியதே தவிர நிற்கவில்லை.

மொபைல் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. புகார் எண்ணிக்கையை மறைத்துக் காட்டினால் முதல் முறை 2 லட்சம், இரண்டாம் முறை 5 லட்சம், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 10 லட்சம் ரூபாய் அபராதம். இவர்களுக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டா என்பது வேறு கேள்வி. மொத்தமாக லைன் வாங்கும் கால் சென்டர் நல்ல வாடிக்கையாளர். அவரைத் துண்டிக்கும் வேலையை அவரிடம் காசு வாங்குபவரிடமே கொடுத்திருக்கிறோம். இந்த ஏற்பாட்டின் ஆதாரப் பலவீனம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புகாரை உங்கள் மொபைல் நிறுவனம் சரியாகக் கவனிக்கவில்லை என்றால், அதே நிறுவனத்தில் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய்க்கு நேரே எழுதி ஏமாறாதீர்கள். தனிநபர் புகாரை அது விசாரித்துத் தீர்ப்பதில்லை.

தொல்லை வேறு, மோசடி வேறு

“இது டிராயிலிருந்து வரும் அழைப்பு. உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்.” பதிவுசெய்த குரல்தான், சில நேரம் இந்தி, சில நேரம் ஆங்கிலம். அழுத்தினால் ஒரு ‘அதிகாரி’ வருவார், பிறகு ‘மும்பை போலீஸ்’ வரும், வீடியோ காலில் ‘டிஜிட்டல் கைது’ வரை போகும். டிராய் யாருடைய எண்ணையும் துண்டிப்பதில்லை, அதற்காக யாரையும் அழைப்பதுமில்லை. டிஜிட்டல் கைது என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

இதற்கு 1909 பொருந்தாது. மோசடி என்று சந்தேகப்படும் அழைப்பையோ செய்தியையோ சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்க வேண்டும். சக்ஷுவை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 மார்ச்சில் தொடங்கியது. அதே இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன என்றும் பார்க்கலாம். வாங்காத சிம் ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். பணம் போய்விட்டது என்றால் எதையும் யோசிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

கடன் வசூலுக்காக அழைப்பவர்கள் இன்னொரு கிளை. அது விளம்பரம் இல்லை என்பதால் டிஎன்டி அவர்களைத் தடுக்காது. ஆனால் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூல் முகவர்கள் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. உறவினருக்கும் நண்பருக்கும் போன் செய்து மானத்தை வாங்குவதும் தடைசெய்யப்பட்டதே. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

டிராயின் விதிக்குள் வராதவையும் உண்டு. வாட்ஸ்அப்பில் குவியும் ஆஃபர்கள் அதில் வராது. அங்கே ‘பிளாக்’, ‘ரிப்போர்ட்’ தவிர வேறு ஆயுதம் இப்போதைக்கு இல்லை. தேர்தல் நேரத்தில் தலைவரின் பதிவுசெய்த குரல் வீடு வீடாகப் பேசுகிறதே, அது ‘வணிக’ அழைப்பு அல்ல என்பதால் டிஎன்டி அதற்கும் கைகொடுக்காது. மொத்தமாக அனுப்பும் குரல் செய்திகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதோடு சரி. விதி எழுதுபவர்களே தங்களுக்கு விலக்கு வைத்துக்கொள்வது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல.

பணம் யாருக்கு?

அமெரிக்காவிலும் அரசியல் அழைப்புகளுக்குச் சலுகை உண்டு. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1991-இல் அவர்கள் இயற்றிய தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதமில்லாமல் வந்த ஒவ்வொரு தானியங்கி அழைப்புக்கும் 500 டாலர் கேட்டு, அழைப்பைப் பெற்றவரே வழக்குப் போடலாம். தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபித்தால் நீதிமன்றம் அதை மூன்று மடங்கு, அதாவது 1500 டாலர்வரை, உயர்த்தலாம். பாதிக்கப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து வழக்குப் போட்டால் தொகை எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் அங்கே கொஞ்சமாவது பயப்படுவது அரசாங்கத்துக்கு அல்ல, இதற்குத்தான். இதை வைத்தே பிழைக்கும் வக்கீல்களும் உருவாகிவிட்டார்கள் என்று நிறுவனங்கள் புலம்புகின்றன. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ஆட்டோ டயலர்’ என்பதன் வரையறையைக் குறுக்கி, நிறுவனங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. 2024 ஜனவரியில் அதிபர் பைடனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலியாக்கி, வாக்களிக்க வராதீர்கள் என்று நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு அழைப்புகள் போயின. அடுத்த மாதமே, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரலும் இந்தச் சட்டத்தின் கீழ் ‘செயற்கைக் குரல்’தான், சம்மதம் இல்லாமல் கூடாது என்று அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் அறிவித்தது.

நம் விதிகளில், தொந்தரவுக்கு ஆளானவருக்கென்று ஒரு ரூபாய்கூட எழுதப்படவில்லை. அபராதம் விதித்தால் அரசுக்குப் போகும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அப்படித்தான். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், உங்கள் விவரத்தை அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது. துணிக்கடையிடம் ‘என் எண்ணை நீக்கு’ என்று கேட்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் கட்டாயமாகும். மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அதில் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு இல்லை. கவனக்குறைவால் தரவைக் கசியவிட்ட நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கிவிடுகிறது. முன்னேற்றத்தில் இப்படியும் ஒரு வகை.

இழப்பீடுதான் வேண்டும் என்றால் திறந்திருக்கும் கதவு நுகர்வோர் ஆணையம். தொலைபேசித் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரக் கூடாது, நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று நிறுவனங்கள் வெகுநாள் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மொபைல் சேவையும் சேவைதான், அதில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம். நீங்கள் பணம் கட்டுவது உங்கள் மொபைல் நிறுவனத்துக்கு. ஆகவே டிஎன்டி பதிந்தும், புகார் மேல் புகார் செய்தும், அது விதிப்படி நடக்கவில்லை என்பதுதான் உங்கள் வழக்காக இருக்க முடியும். முகம் தெரியாத டெலிகாலரைத் தேடி ஓட வேண்டாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய்வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது நல்லது. சில புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

ஆணையத்தில் முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான். டிஎன்டி பதிவானதற்கு வந்த குறுஞ்செய்தி, ஒவ்வொரு புகாருக்கும் 1909 அனுப்பிய புகார் எண், ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று வந்த பதில், அதற்குப் பிறகும் வந்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதியோடு வேண்டும். இன்பாக்ஸைச் சுத்தம் செய்யும்போது 1909-இலிருந்து வந்தவற்றை மட்டும் அழித்துவிடாதீர்கள்.